யாரும் தொடாமல் ஓடிய மோட்டார்: களக்காடு பக்கத்து வாழைத் தோட்டத்தில் ஒரு ரேடியோ பதிவு ஆய்வு

பின்னணி

களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் இடையில் உள்ள ஒரு வாழைத் தோட்டத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் ஊர் பெயரும் ஆள் பெயரும் எழுதவில்லை. கருவி விற்ற கடையின் பெயரும் வேண்டாம்; குறை அந்த ஒரு கடையோடு நிற்கிற குறை இல்லை.

தோட்டத்துக்காரர் அறுபதை நெருங்குபவர். நிலம் கால்வாய்க்கு மேற்கே மேட்டில் இருப்பதால் பச்சையாற்றுத் தண்ணீர் ஏறாது. கிணறும் அதில் ஒரு மோனோபிளாக் மோட்டாரும்தான் வாழைக்கு ஆதாரம். வீடு ஊர் எல்லையில், தோட்டத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாட்களில் பாம்புக்கும் பன்றிக்கும் பயந்துகொண்டு டார்ச் அடித்துப் போக வேண்டியிருந்தது. அதனால் ஒரு ரிமோட் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருந்தார். கையில் பிடிக்கும் ரிமோட்டில் நான்கு பொத்தான். பம்புசெட் அறையில் ஒரு ரிசீவர் போர்டு, அதிலிருந்து ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பொத்தான்களுக்கு ரிலே இணைப்பு. பெட்டியில் ஒரு கிலோமீட்டர் எட்டும் என்று அச்சடித்திருந்தார்கள்.

ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. பிசான அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில்தான் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் கிணறு வற்றியிருக்கும், மடை திறக்காத வரப்பை உடைத்துக்கொண்டு தண்ணீர் போயிருக்கும். ஒரு தடவை தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்து, ரீவைண்டிங் செய்ய வேண்டி வந்தது. கோடையில் ஒரு வாரம் தண்ணீர் பாயாத வாழை என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பணச் செலவைவிடப் பெரிய சேதம் ஒன்றும் நடந்திருந்தது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் ஆள் மீது சந்தேகம் விழுந்தது. பல வருடமாக வேலை பார்த்தவர். “நான் தொடவே இல்ல அண்ணாச்சி” என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. வார்த்தை தடித்து அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அவர் நின்ற பிறகும் மோட்டார் தானாக ஓடியது. அதற்கும் வேறு விளக்கம் சொன்னார்கள்: இன்னொரு ரிமோட் வாங்கி வைத்துக்கொண்டு வேண்டுமென்றே செய்கிறார் என்று.

பாளையங்கோட்டையில் நான் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய ரிசீவர் போர்டு ஒன்றைப் பார்க்கச் சொல்லி தோட்டத்துக்காரர் கொண்டுவந்தார். “யாரும் தொடலைன்னா மோட்டார் எப்படி தம்பி ஓடும்?” என்று அவர் கேட்டதிலிருந்து இந்த வேலை தொடங்கியது. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவரும், அவருடைய இறுதியாண்டு மாணவர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

முதலில் விலக்கியவை

நம் பக்கத்தில் மோட்டார் தானாக ஓடினால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டார்ட்டரில் உள்ள ஆட்டோ சுவிட்ச். அது போட்டிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே எடுக்கும். இங்கே அது அணைத்துத்தான் இருந்தது. கரண்ட் வந்து வெகுநேரம் கழித்தும் மோட்டார் எடுத்திருக்கிறது.

அடுத்தது ரிலே ஒட்டிக்கொள்வது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் அப்படித்தான் நினைத்து ரிசீவர் போர்டை மாற்றியிருந்தார். அதே கடை, அதே மாடல். பிரச்சினை மாறவில்லை. புதுப் போர்டு போட்டும் அதே கோளாறு என்றால் கோளாறு போர்டுக்கு வெளியே இருக்கலாம் என்பது எங்கள் முதல் ஊகம். போர்டின் ரேடியோ பகுதியைப் பிடுங்கிவிட்டு, கையால் மட்டும் போட்டு அணைக்கும்படி சில நாள் விடச் சொன்னோம். அந்த நாட்களில் தானாக ஓடவே இல்லை. ஆக, ரேடியோ வழியாக ஏதோ வருகிறது.

இதற்கிடையே ஒரு முடிவை உடனே எடுக்க வேண்டியிருந்தது. காயில் எரிந்த பிறகு மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது, சுழலும் தண்டு அருகே ஒருவர் கை வைத்திருந்த நேரத்தில் மோட்டார் எடுத்திருக்கிறது. கை தப்பியது. இதைக் கேட்டதும் காரணம் தெரிகிறவரை ரிமோட்டை நம்பக் கூடாது, மோட்டாரிலோ கிணற்றிலோ இறங்கி வேலை செய்யும்போது மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியை வேலை செய்கிறவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னோம். ஃபுட் வால்வு கழுவக் கிணற்றுக்குள் ஆள் இறங்குகிற ஊர் அது. மற்ற எதையும்விட இந்தப் பூட்டு முக்கியம் என்று இன்றும் நினைக்கிறேன்.

கையிலிருந்த கருவிகள்

நண்பரிடம் ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற கருவி, போர்ட்டாபேக் இணைத்து இருந்தது. ஹேக்ஆர்எஃப் 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை எந்த ரேடியோ அலையையும் எண்களாக மாற்றித் தரும். அந்த எண்களைத் திரும்ப அலையாக அனுப்பவும் செய்யும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது. போர்ட்டாபேக் அதன் மேல் உட்காரும் திரையும் பொத்தான்களும். மேஹெம் என்ற திறமூல மென்பொருளை ஏற்றினால் கணினி இல்லாமலே மெமரி கார்டில் பதிவு செய்யலாம். பவர் பேங்க்கில் ஓடும் என்பதால் பம்புசெட் அறைக்கு ஏற்றது.

இதில் கேப்ச்சர் என்ற பகுதி பதிவு செய்யும்போது இரண்டு கோப்பு உண்டாகும். ஒன்று, பெயரின் முடிவில் சி16 என்ற நீட்சி கொண்ட பெரிய கோப்பு. ஒவ்வொரு மாதிரிக்கும் (ஒரு கணத்தில் அலையை அளந்த அளவு) இரண்டு 16 பிட் எண்கள். மற்றது அதே பெயரில் ஒரு சின்ன டிஎக்ஸ்டி கோப்பு. மாதிரி வீதமும் நடு அலைவரிசையும் அதில்தான் எழுதியிருக்கும். இரண்டே வரி. பெரிய கோப்புக்குள் வெறும் எண்கள் மட்டுமே. அவை எந்த வேகத்தில் எடுக்கப்பட்டவை, எந்த அலைவரிசையைச் சேர்ந்தவை என்ற எந்தக் குறிப்பும் உள்ளே கிடையாது. இது பின்னால் எங்களை எப்படிச் சுற்றவிட்டது என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

நொடிக்கு 5 லட்சம் மாதிரி என்று வைத்தோம். மாதிரிக்கு 4 பைட் வீதம் நொடிக்கு 2 எம்பி. கார்டு ஃபேட்32 முறையில் இருந்ததால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. அதாவது தொடர்ச்சியாக 35 நிமிடம். மெதுவான கார்டு போட்டால் திரையில் விட்டுப்போன மாதிரிகளின் சதவீதம் ஏறும். அப்படி ஓட்டை விழுந்த பதிவில் துடிப்புகளின் நீளத்தை அளக்கவே முடியாது. வேகமான கார்டு வாங்கி, அந்தச் சதவீதம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கடையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

தோட்டத்தில் பதிவு

முதல் வேலை, தோட்டத்துக்காரரின் சொந்த ரிமோட்டைப் பதிவு செய்வது. 433.92 மெகாஹெர்ட்ஸில் வைத்து, பொத்தானுக்கு ஒரு கோப்பு. ரிமோட்டைப் பக்கத்திலேயே வைத்து அமுக்கினால் ஹேக்ஆர்எஃப்-இல் அலையை எண்ணாக மாற்றும் 8 பிட் பகுதி நிரம்பி வழிந்து, உண்மையில் இல்லாத கோடுகள் எல்லாம் திரையில் தெரியும். முன்பெருக்கியை அணைத்து, கெயினை (பெருக்கும் அளவை) குறைத்து, ரிமோட்டை வாழை வரிசைக்கு அப்பால் கொண்டுபோய் அமுக்கச் சொன்னோம். சுத்தமான பதிவு கிடைத்தது.

அப்புறம் காத்திருப்பு. மோட்டார் எப்போது எடுக்கும் என்று தெரியாத நிலையில் 35 நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்துகொண்டிருப்பது நடக்கிற காரியம் இல்லை. கார்டு நிரம்பும், பவர் பேங்க் தீரும், ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மாணவர் நல்ல வழி ஒன்று சொன்னார். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி (இனி ‘பை’ என்பது இதுதான்) ஒன்றும், ஆர்டிஎல் டாங்கிள் எனப்படும் மலிவான டிவி ரிசீவர் குச்சியும் வைத்து, ஆர்டிஎல்_433 என்ற மென்பொருளை ஓடவிடலாம். அது சும்மா இருக்கும் காற்றைப் பதிவதில்லை. சிக்னல் வந்தால் மட்டும் அதைப் பிரித்துப் படித்து நேரத்தோடு ஒரு வரி எழுதும். கேட்டால் அந்தத் துண்டை மட்டும் தனிக் கோப்பாகவும் சேமிக்கும். கோப்பின் பெயரிலேயே அலைவரிசையையும் மாதிரி வீதத்தையும் எழுதிவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் இந்த மென்பொருளை எழுதியவர்கள் வயலில் வேலை பார்த்தவர்கள் என்பது அதில் தெரிகிறது.

வழக்கமாக அது நொடிக்கு 2.5 லட்சம் மாதிரி எடுக்கும். மலிவான ரிமோட்டுகள் சொன்ன அலைவரிசையில் சரியாக நிற்காது என்பதால் 10 லட்சத்து 24 ஆயிரம் என்று அகலமாக வைத்தோம். ராஸ்பெரி பையில் பேட்டரி கடிகாரம் இல்லை. இணையம் இல்லாத இடத்தில் கரண்ட் போய் வந்தால் நேரம் தவறிவிடும். தனியாக ஒரு கடிகாரச் சில்லு மாட்டி, 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, அறையின் மேல் பலகையில் வைத்தோம். மோட்டார் ஓடும் நேரத்தையும் தோட்டத்துக்காரர் ஒரு நோட்டில் குறிக்க ஒப்புக்கொண்டார். அவர் வீட்டுப் பேரன் எழுதிய நோட்டு அது, நிமிடம் தவறாமல்.

சில நாள் கழித்து நோட்டையும் பையின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தானாக ஓடிய ஒவ்வொரு தடவையும் அதே நிமிடத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியில் இருந்த குறியீடு தோட்டத்துக்காரரின் சொந்த ரிமோட்டுடையது. அந்த நேரங்களில் ரிமோட் வீட்டுப் பீரோவுக்குள் இருந்தது.

இது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. வேலையை விட்டுப் போனவரிடம் நகல் ரிமோட் இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு இதுவே ஆதாரமாகப் பட்டது. குறியீடு மட்டும் தெரிந்தால் போதாது, அதை அனுப்பிய கருவி எது என்றும் தெரிய வேண்டும் என்ற நிலை வந்தது. பையில் ஓடிய மென்பொருள் குறியீட்டைப் படித்துச் சொல்கிறது. அலையின் மற்ற அடையாளங்களைப் பார்க்க மூலப் பதிவைத்தான் திறக்க வேண்டும்.

பதிவு மேசைக்கு வந்ததும்

மாணவர் பென்டிரைவில் இரண்டு வகைக் கோப்பும் கொண்டுவந்தார்: போர்ட்டாபேக்கில் எடுத்த சொந்த ரிமோட்டின் சி16 கோப்பு, பையில் சேமித்த அந்நியச் சிக்னலின் சியு8 என்ற 8 பிட் கோப்பு. இன்ஸ்பெக்ட்ரம் என்ற மென்பொருளில் இரண்டையும் திறந்தோம். நேரம் ஒரு பக்கமும் அலைவரிசை ஒரு பக்கமுமாகப் பதிவைப் படமாகக் காட்டும் கருவி அது. இரண்டு கோடுகளை இழுத்து வைத்தால் துடிப்பின் நீளத்தைச் சொல்லும். கோப்பின் நீட்சியைப் பார்த்து எண்களின் வடிவத்தைப் புரிந்துகொள்ளும். ஆனால் மாதிரி வீதத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

சொந்த ரிமோட்டின் சின்னத் துடிப்பு 171 மைக்ரோநொடி என்று வந்தது. அந்நியச் சிக்னலுடையது சுமார் 390. இரட்டிப்புக்கும் மேல் வித்தியாசம். வேறு சில்லு, வேறு வகைக் கருவி என்று முடிவு செய்யத் தோன்றும் எண்கள்தான். ஆனால் பையில் ஓடிய மென்பொருள் இரண்டையும் ஒரே குறியீடாகப் படித்திருந்தது. ஒரே ரிசீவர் போர்டு இரண்டுக்கும் வேலை செய்கிறது. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் அந்த போர்டு இரண்டையும் ஏற்காது. ஏதோ இடிக்கிறது என்று நண்பர் விடவில்லை.

பென்டிரைவில் சி16 கோப்பு மட்டும் வந்திருந்தது, கூட இருக்க வேண்டிய டிஎக்ஸ்டி வரவில்லை. அதனால் பைக்குக் கொடுத்த 10,24,000 என்ற வீதத்தையே இதற்கும் கொடுத்திருந்தோம். கார்டை மறுபடி எடுத்துப் பார்த்தால் டிஎக்ஸ்டி கோப்பில் 5,00,000 என்று இருந்தது. சரியான வீதம் கொடுத்ததும் துடிப்பு 350 மைக்ரோநொடி ஆனது. 350-ம் 390-ம் ஒரே வகைச் சில்லின் இரண்டு தனித்தனி ரிமோட்டுகளுக்கு இயல்பான வித்தியாசம். அந்தச் சில்லில் வேகத்தைத் தீர்மானிப்பது ஒரு சாதாரண ரெசிஸ்டர். ரிமோட்டுக்கு ரிமோட் கொஞ்சம் மாறும்.

இதே கோப்பை யுனிவர்சல் ரேடியோ ஹேக்கர் என்ற இன்னொரு மென்பொருளில் திறக்கும்போது மற்றொரு சிக்கல். அதில் காம்ப்ளெக்ஸ்16எஸ் என்று ஒரு வகை உண்டு. பெயரைப் பார்த்து சி16-க்கு இதுதான் என்று கொடுத்தால் படம் குப்பையாக வரும். அங்கே 16 என்பது இரண்டு 8 பிட் எண்களைச் சேர்த்த மொத்தம். நம் சி16-இல் 16 என்பது ஒவ்வொரு எண்ணுக்கும். எனவே கொடுக்க வேண்டியது காம்ப்ளெக்ஸ்32எஸ், அல்லது கோப்பின் நீட்சியை சிஎஸ்16 என்று மாற்றித் திறப்பது. இதை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. தவறான வகை கொடுத்தால் மென்பொருள் பிழை என்று சொல்லி நிற்காது, ஏதோ ஒரு படத்தைக் காட்டிவிடும். அந்தப் படத்தை வைத்து ஒரு மனிதர் மீது பழி சொல்லவும் முடியும்.

சரியாகத் திறந்த பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டும் பிடி2262 என்ற ரிமோட் சில்லின் வகைக் குறியீடு. 12 இலக்கம், ஒவ்வொன்றும் இரண்டு துடிப்பு. இரண்டும் சிறியது என்றால் பூஜ்யம், இரண்டும் பெரியது என்றால் ஒன்று, ஒரு சிறியதும் ஒரு பெரியதும் என்றால் எங்கும் இணைக்காமல் விட்ட நிலை. முதல் 8 இலக்கம் முகவரி, கடைசி 4 பொத்தான். எங்கள் படத்தில் முதல் 8 இலக்கமும் சிறியது, பெரியது, சிறியது, பெரியது என்று ஒரே சீராகப் போயின. எட்டு முகவரிக் கால்களும் எதோடும் சேர்க்கப்படவில்லை. ரிமோட்டைத் திறந்து பார்த்தோம். சால்டர் வைக்க வேண்டிய இடங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி வெறுமையாக இருந்தன. மூன்று நிலை, எட்டு கால் என்றால் 6,561 முகவரி சாத்தியம். அத்தனையும் இருக்க, பெட்டிகள் எல்லாம் ஒரே முகவரியோடு விற்பனைக்கு வந்திருக்கின்றன. எலக்ட்ரீஷியன் புதுப் போர்டு மாற்றியும் பலன் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

சொந்த ரிமோட்டின் அலை 433.92-ஐ ஒட்டி நின்றது. அந்நிய அலை அதிலிருந்து சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் கீழே இருந்தது. ஒரே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கூப்பிடுகிற குரல் வேறு. ரிசீவர் போர்டு குரலைப் பார்ப்பதில்லை. அந்த மலிவான சூப்பர்-ரீஜெனரேட்டிவ் வகை, அக்கம்பக்கத்து அலைவரிசை எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கும்.

இன்னொன்றும் கிடைத்தது. பை சேமித்த துண்டுகளில் குறியீடு முடிந்த கொஞ்ச நேரத்தில், திரை முழுவதும் குறுக்கே ஒரு அகலமான கோடு. ஸ்டார்ட்டரின் கன்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய சுவிட்ச்) விழும்போது உண்டாகும் பொறியின் ரேடியோ இரைச்சல் அது. சிக்னல் வந்தது, மோட்டார் எடுத்தது என்ற இரண்டும் ஒரே பதிவில், முன்னும் பின்னுமாக. நோட்டுக் கணக்கைவிட இது உறுதியான சாட்சி.

இரண்டாவது ரிமோட்

அலைவரிசை தெரிந்துவிட்டதால் தேடுவது எளிதானது. போர்ட்டாபேக்கின் திரையைப் பார்த்துக்கொண்டு, மாலை நேரத்தில் கால்வாய்க் கரையில் நடந்தோம். கிழக்கே போகப் போக வலு கூடியது. கால்வாய்க்கு அப்பால் இன்னொரு தோட்டம். அந்தக் கோடையில்தான் அங்கே அதே மாடல் ரிமோட் ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார்கள். அவர் தன் மோட்டாரைப் போடும்போதெல்லாம் இங்கேயும் மோட்டார் எடுத்திருக்கிறது. அவர் அணைத்தபோது இங்கே ஏன் எப்போதும் அணையவில்லை என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. போடுவதை அவர் கால்வாய்ப் பக்கத்து வரப்பில் நின்று செய்வார், அணைப்பதைப் பெரும்பாலும் வீட்டிலிருந்து. வீட்டிலிருந்து வரும் சிக்னல் இந்தப் பக்கம் எட்டுவது சில நாள் மட்டும்.

அவரிடமும் ஒரு குறை இருந்தது. தன் மோட்டார் நடுவில் நின்றுபோகிறது என்று தன் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்துக்காரர் சிவப்புப் பொத்தானை அமுக்கிய நேரங்கள் அவை.

திரும்ப அனுப்பிப் பார்ப்பதா

பதிவு செய்த சிக்னலை அப்படியே தோட்டத்தில் திரும்ப அனுப்பி, மோட்டார் எடுப்பதை எல்லோருக்கும் காட்டலாம் என்று மாணவர் கேட்டார். போர்ட்டாபேக்கில் அது ஒரு பொத்தான் வேலை. வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதே முகவரியில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனை மோட்டார் இருக்கிறது, எந்தக் கிணற்றுக்குள் யார் இறங்கியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. சட்டமும் இடம் தராது. உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற சலுகை குறைந்த திறன் கொண்ட, அங்கீகரிக்கப்பட்ட சாதனங்களுக்குத்தான். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவருக்குக்கூட நம் நாட்டில் அந்தப் பகுதியில் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இடம், 433.92 அதற்கு வெளியே.

அதனால் கடையில், காற்றில் விடாமல் செய்தோம். பழைய ரிசீவர் போர்டை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, கன்டாக்டருக்குப் பதில் ஒரு எல்இடி இணைத்து, ஹேக்ஆர்எஃப்-இலிருந்து கேபிள் வழியாக, நடுவில் சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போட்டு அனுப்பினோம். இந்த அட்டென்யுவேட்டரை விட்டுவிடக் கூடாது. ஹேக்ஆர்எஃப் அனுப்பும் திறன் இந்தப் பகுதியில் 10 டிபிஎம்முக்கு (ரேடியோ திறனை அளக்கும் அலகு) மேலும் போகலாம். அதே கருவியின் பெறும் முனை -5 டிபிஎம்முக்கு மேல் தாங்காது. இரண்டு கருவியைக் கேபிளில் நேராக இணைத்தால் ஒன்று போய்விடும்.

கணினியிலிருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹேக்ஆர்எஃப்-உடன் வரும் கட்டளை மென்பொருள் 8 பிட் கோப்பை மட்டும் ஏற்கும், வீதமும் நொடிக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. நம் 5 லட்ச வீதக் கோப்பை நான்கு மடங்காக்கி, 16 பிட்டிலிருந்து 8 பிட்டாக்கித்தான் கொடுக்க முடியும். குனு ரேடியோ என்ற மென்பொருளில் நாலைந்து கட்டங்களை இணைத்தால் அது நடக்கும். போர்ட்டாபேக்கின் ரீப்ளே பகுதி, டிஎக்ஸ்டி கோப்பு கூட இருந்தால், இதைத் தானே செய்துகொள்கிறது. நாங்கள் அதைத்தான் பயன்படுத்தினோம்.

இரண்டு பதிவுக்கும் எல்இடி எரிந்தது. பின்பு போர்டில் சில முகவரிக் கால்களை பிளஸ்ஸுக்கும் சிலவற்றை கிரவுண்டுக்கும் சால்டர் செய்து மறுபடி அனுப்பினோம். இரண்டுக்கும் எரியவில்லை. ரிமோட்டிலும் அதே மாதிரி சால்டர் வைத்து, அதைப் புதிதாகப் பதிவு செய்து அனுப்பியபோது எரிந்தது. தோட்டத்தில் செய்யப்போகும் மாற்றம் வேலை செய்யும் என்பது அங்கே போகும் முன்பே தெரிந்துவிட்டது.

மாற்றமும் விளைவும்

இரண்டு தோட்டத்துக்காரர்களையும் ஒரே நாளில் கடைக்கு வரச் சொன்னோம். இருவருக்கும் வெவ்வேறு முகவரி வைத்து, ரிமோட்டுக்குள் அந்த முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டினோம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிற்கும் ட்ரை ரன் ரிலேயையும் மாட்டச் சொன்னோம், மாட்டினார்கள். அதைத் தோட்டத்துக்காரர் காயில் எரிந்த அன்றே செய்திருப்பார், யாரும் சொல்லவில்லை.

இந்தக் குறியீடு என்றும் மாறாதது. பதிவு செய்யத் தெரிந்த யாரும் அதைத் திரும்ப அனுப்பிவிட முடியும் என்பதை மறைக்காமல் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் மாறும் குறியீடு கொண்ட கீலாக் வகை ரிமோட்டுகள் உண்டு. ஹெச்சிஎஸ்301 சில்லு அனுப்பும் 66 பிட்டில் 32 பிட் ஒவ்வொரு அமுக்கலுக்கும் புதிதாக மாறும். விலையைக் கேட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். அவர்கள் தோட்டத்தில் பயம் திருட்டுக்கு இல்லை, தவறிப்போய் ஓடுவதற்குத்தான். அந்த அளவில் அது நியாயமான முடிவு. வீட்டுக் கேட்டுக்கும் கார் ஷெட்டுக்கும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பையை அங்கேயே விட்டுவைத்தோம். பக்கத்துத் தோட்டத்தின் புது முகவரி அதில் நாள்தோறும் பதிவாகிறது. இந்தப் பக்கம் மோட்டார் எடுக்கவில்லை. கோடை முடிந்து கார் சாகுபடி தொடங்கியபோது நோட்டு எழுதுவதைப் பேரன் நிறுத்திவிட்டான், எழுத ஒன்றும் இல்லாததால்.

வேலையை விட்டுப் போனவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படங்களைத் தோட்டத்துக்காரரிடம் காட்டி, இது கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ரிமோட் என்று விளக்கினோம். குறியீடு என்ன, அலைவரிசை என்ன என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. இரண்டு கோடும் வேறு வேறு இடத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “அந்தப் பயல என்ன பேச்சு பேசிட்டேன்” என்றார். மறுநாள் அவர் வீட்டுக்குத் தானே நடந்து போய்க் கூப்பிட்டிருக்கிறார். ஒரு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். மெயின் சுவிட்சின் பூட்டுச் சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

இனி எப்படிச் செய்வோம்

பதிவு எதையும் இனி இரட்டைக் கோப்பாகத்தான் கை மாற்றுகிறோம். சேமித்து வைப்பவற்றை சிக்எம்எஃப் என்ற பொது வடிவத்துக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறோம். அதிலும் இரண்டு கோப்புதான்: ஒன்று எண்கள், மற்றது விவரம். ஆனால் விவரக் கோப்பில் எண்ணின் வகை, மாதிரி வீதம், அலைவரிசை, நேரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடமும் பெயரும் உண்டு. 16 என்றால் எந்த 16 என்ற குழப்பத்துக்கு வழியில்லை. சிஐ16_எல்ஈ என்று பைட் வரிசை முறை உட்பட எழுதியாக வேண்டும். எந்த இடத்தில், எந்த ஆன்டெனாவில், எவ்வளவு கெயினில் எடுத்தது என்பதையும் அங்கேயே சேர்க்கலாம். இன்ஸ்பெக்ட்ரம் இந்த வடிவத்தை நேராகத் திறப்பதால் வீதத்தைக் கையால் கொடுக்கும் வேலையும் இல்லை.

வயலுக்குப் போகும் வரிசையும் மாறியிருக்கிறது. போர்ட்டாபேக்கை முதல் நாள் சொந்த ரிமோட்டைப் பதியவும், கடைசியில் மூலத்தைத் தேடி நடக்கவும் எடுத்துப் போகிறோம். நடுவில் காத்திருக்கும் வேலை முழுவதும் பையுடையது. மாதிரி வீதத்தை இரண்டிலும் ஒன்றாக வைக்க முடியாவிட்டாலும், இரண்டிலும் ஒரே ரிமோட்டை ஒரு தடவை பதிந்துகொள்கிறோம். இரண்டு மென்பொருளும் அதன் துடிப்பை ஒரே நீளமாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற கோப்புகளைத் தொடுவது.

விற்ற கடைக்காரரிடம் முகவரி விஷயத்தைப் பேசினோம். முதலில் தயங்கினார், வாடிக்கையாளர் ரிமோட்டைத் தொலைத்தால் எல்லாம் ஒரே முகவரியாக இருப்பதால் உடனே வேறு எடுத்துக் கொடுக்க முடிகிறது என்றார். விற்கும்போதே சால்டர் செய்து பில்லில் முகவரியை எழுதிக் கொடுத்தால் அதுவும் நடக்கும் என்று காட்டினோம். இப்போது அப்படித்தான் கொடுக்கிறார். அதற்கு முன் விற்றவை களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடிப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கின்றன. ரிமோட்டின் பின் மூடியைத் திறந்து, 18 கால் கொண்ட சில்லின் முதல் எட்டுக் கால்களின் பக்கத்தில் சால்டர் ஒன்றுமே இல்லை என்றால், ரிமோட்டையும் ரிசீவர் போர்டையும் சேர்த்து எந்த எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடையில் கொடுத்தாலும் மாற்றித் தருவார்கள். அரை மணி நேர வேலை.